கூலி கொடுத்தால் போதுமா? கையில் அளவுகோலும் கொடுங்கள்!

காலை ஆறரை மணிக்குத் திருநின்றவூர் ஸ்டேஷனில் நின்று பார்த்தால் ஊரின் உழைப்பு எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும். ஆவடி, அம்பத்தூர், பட்டரவாக்கம் என்று தொழிற்சாலை வேலைக்குப் போகும் இளைஞர்கள் சென்னைப் பக்கம் ஏறுகிறார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே, ஏரிப் பாசன வயல்களை நோக்கிக் களைக்கொத்தோடு நடக்கிறவர்கள் அவர்களுடைய அம்மாக்களும் அத்தைகளும். 2021இல் நகராட்சியாகிவிட்ட ஊர் இது. மனைகள் வயலைத் தின்றுகொண்டே வருகின்றன. ஆனாலும் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பேசுகிற குடும்பங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன.

மகன் போகும் இடத்தில் அவனுக்கு முதல் நாளே ஒரு வரைபடம், ஒரு கேஜ், என்ன தவறு நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற விவரம் எல்லாம் கிடைக்கின்றன. அம்மா போகும் வயலில் கிடைப்பது ஒரே வாக்கியம்: “அந்தக் கொல்லைக்கு யூரியா போட்டுட்டு வந்துடும்மா.” எவ்வளவு, ஏன், எந்தப் பாத்திக்கு வேண்டாம் என்பதெல்லாம் நிலத்துக்காரரின் மனதில் இருக்கும்.

திருநின்றவூருக்கு மனக்கணக்கு புதிதல்ல. கையில் காசில்லாத பூசலார் நாயனார், கல்லும் மரமும் தச்சரும் நாளும் நேரமும் எல்லாம் மனதுக்குள்ளேயே தேடிச் சேர்த்து, மனதிலேயே கோயில் கட்டிக் குடமுழுக்கு வரை போன ஊர் இது. இருதயாலீஸ்வரர் கோயில் அந்த நினைவாகத்தான் நிற்கிறது. பூசலார் மனதில் இருந்ததை இறைவன் அறிந்தார். நம் மனதில் இருக்கும் உரக்கணக்கை நடவுக்காரம்மா எப்படி அறிவார்?

“ஆள் கிடைக்கவில்லை, கிடைத்த ஆளும் சொன்னபடி செய்வதில்லை” என்பது விவசாயிகள் ஓயாமல் எழுதும் குறை. முதல் பாதி உண்மை. அம்பத்தூர் சம்பளத்தோடு வயல் கூலி போட்டி போட முடியாது. இரண்டாவது பாதியைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். சொன்னபடி செய்யவில்லை என்கிறோம். சரியாகச் சொன்னோமா? செய்து பார்க்கத் தேவையான சாமானைக் கொடுத்தோமா?

பாடியில் நடந்தது

அம்பத்தூரை ஒட்டிய பாடியில் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் லாரி, பஸ்களுக்கான பிரேக் பாகங்களைச் செய்துவந்தது. அதன் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. மேலதிகாரி முதல் இயந்திரத்தில் நிற்பவர் வரை எல்லோரும் தரத்துக்குப் பொறுப்பேற்கும் நிர்வாக முறைக்காகத் தரப்படும் விருது அது. கடைசியில் ஓர் ஆய்வாளர் வந்து நல்லது கெட்டது பிரிப்பது பழைய வழி. செய்கிறவரே செய்யும்போதே பார்த்துத் திருத்திக்கொள்வது புதிய வழி.

அதற்கு உதவும் மிக எளிய கருவி ஒன்று எல்லாப் பட்டறைகளிலும் உண்டு: கோ, நோ-கோ கேஜ். துளை சரியான அளவில் இருந்தால் கேஜின் ஒரு முனை உள்ளே போகும், மறுமுனை போகாது. இரண்டும் போனால் துளை பெரிது. இரண்டும் போகாவிட்டால் சிறிது. இதற்குப் பொறியியல் படிக்க வேண்டாம், முதலாளியைக் கூப்பிடவும் வேண்டாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனும் அரை மணி நேரத்தில் தானே முடிவு சொல்லிவிடுவான்.

வயலுக்கும் இப்படிப்பட்ட கேஜ்கள் இருக்கின்றன. பல வருடங்களாக இருக்கின்றன. பெரும்பாலும் அவை பயிற்சிக்குப் போன நிலத்துக்காரரின் பீரோவில் தூங்குகின்றன என்பதுதான் சங்கடம்.

பச்சை நிறம் சொல்லும் கணக்கு

இலை வண்ண அட்டையை எடுத்துக்கொள்வோம். கையளவு பிளாஸ்டிக் பட்டை. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாக நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆசிய நாடுகளெங்கும் பரப்பிய கருவி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நெல்லுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. நெல் இலையின் நிறத்தை வைத்துப் பயிருக்குத் தழைச்சத்து போதுமா, போதாதா என்று சொல்லிவிடலாம்.

பயன்படுத்தும் விதம் இதுதான். நடவு செய்து 14 நாள் கழித்துத் தொடங்கி, பூக்கும் வரை 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் பார்ப்பது நல்லது. வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, நோய் இல்லாத பத்துக் குத்துகளைத் தேர்ந்துகொண்டு, முழுவதும் விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டைமேல் வைத்து ஒப்பிட வேண்டும். இலையைப் பறிக்க வேண்டாம். வெயில் இலைமேல் விழாதபடி உடம்பின் நிழலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் கண்ணுக்குக் கண் நிறம் மாறும்.

பல்கலைக்கழகப் பரிந்துரையில் வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு வரம்பு எண் 3; மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் 4. பத்து இலைகளில் ஆறு அல்லது அதற்கு மேல் வரம்பு எண்ணைவிட வெளிறியிருந்தால் தழைச்சத்து கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வாரம் யூரியாவே வேண்டாம். ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 30 முதல் 35 கிலோ தழைச்சத்து என்பது பரிந்துரை. யூரியாவில் 46 சதவிகிதம் தழைச்சத்து என்பதால் ஏக்கருக்கு ஏறக்குறைய 26 முதல் 31 கிலோ யூரியா வரும். அதாவது 45 கிலோ மூட்டையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அட்டைகளில் நான்கு நிறம் உள்ளவையும் ஆறு நிறம் உள்ளவையும் இருக்கின்றன. உங்களிடம் உள்ள அட்டைக்கும் உங்கள் ரகத்துக்கும் எந்த எண் என்பதை வாங்கும் இடத்திலேயே கேட்டு, அட்டையின் பின்பக்கம் பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள்.

இதில் நிலத்துக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அட்டையை வயலில் தினமும் இருக்கிறவரிடம் கொடுப்பது. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம். பரவாயில்லை. நிறம் பார்க்கத் தெரியாத நடவுக்காரம்மா யார்? பயிர் வெளுத்ததா, கறுத்ததா என்று வரப்பில் நின்றே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அட்டை அந்தப் பார்வைக்கு ஓர் எண்ணைக் கொடுக்கிறது. “அய்யா, பத்துல நாலுதான் வெளுத்திருக்கு, இந்த வாரம் வேணாம்” என்று அவர் சொல்லும் நாளில் பாதி மூட்டை யூரியாவும், அதைத் தூவும் கூலியும் மிச்சம். யூரியா மானிய விலையில் மலிவாகக் கிடைப்பதால் இந்த மிச்சம் சிறிதாகத் தோன்றும். கூடுதல் தழைச்சத்துக்குப் பின்னால் வரும் புகையான், இலைச்சுருட்டுப்புழு, குலைநோய், அறுவடைக்கு முன் சாய்ந்துபோகும் பயிர் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

அட்டைக்காக நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. திருநின்றவூரிலிருந்து திருவள்ளூர் பக்கம் இரண்டாவது ஸ்டேஷன் செவ்வாப்பேட்டை ரோடு. அந்தப் பக்கத்துத் திரூரில்தான் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. டி.கே.எம். 9, டி.கே.எம். 13 என்று நாம் விதைக்கும் ரகங்களின் பெயரில் உள்ள எழுத்துகள் திரூர்குப்பத்தைக் குறிப்பவைதான். அட்டை இருப்பு, விலை, அடுத்த பயிற்சி நாள் ஆகியவற்றை அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம்.

திருந்திய நெல் சாகுபடி கற்றுத் தந்தது

வேலையாளுக்குக் கருவியும் காரணமும் சேர்ந்து போனால் என்ன நடக்கும், போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. மடகாஸ்கர் தீவில் பிரெஞ்சுப் பாதிரியார் ஹென்றி தெ லொலானியே 1980களில் விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கிய ஒற்றை நாற்று முறை, இங்கே திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் வந்தது. 2003–04இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் விவசாயிகளின் வயல்களிலேயே இதைப் பழைய முறையோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தது. தாமிரபரணியில் நூறு வயல்களின் சராசரி, பழைய முறையில் ஹெக்டேருக்கு 5,657 கிலோ. புதிய முறையில் 7,227 கிலோ. ஏக்கருக்குப் பார்த்தால் 75 கிலோ மூட்டையில் எட்டு மூட்டைக்கு மேல் கூடுதல்.

இந்த எட்டு மூட்டை யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பாய் நாற்றங்காலில் 14, 15 நாள் வயதே ஆன பொடி நாற்று. அதை விதை ஒட்டியிருக்க, வேர் அறாமல், மேலாக, குத்துக்கு ஒன்றே ஒன்றாக, 22.5 சென்டிமீட்டர் சதுரத்தில் வைக்க வேண்டும். வைப்பவர் நடவுப் பெண். வாழ்நாள் முழுக்க 30 நாள் நாற்றை முடியிலிருந்து பிரித்து, நாலைந்து சேர்த்து, கை வேகத்துக்கு நட்டவர். அவரிடம் திடீரென்று “ஒண்ணு ஒண்ணா நடு” என்றால் என்ன சொல்வார்? “இது பயிராவா வரும்? வயல் சொட்டையா இருக்கும், பழி எங்க மேல விழும்” என்பார். அதைப் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. தன் வேலையின் தரத்தைப் பற்றிக் கவலைப்படும் தொழிலாளியின் பேச்சு அது. நடவு ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிய ஒப்பந்தம் என்றால் இன்னொரு கவலையும் உண்டு. பழகும் வரை வேலை மெதுவாகத்தான் போகும், அந்த நேரத்துக்கு யார் கூலி தருவது?

வழி பிறந்தது இரண்டு சாமான்களால். ஒன்று, மார்க்கர். சமப்படுத்திய சேற்றில் உருட்டினாலும் இழுத்தாலும் கட்டம் கட்டமாகக் கோடு விழும். கோடு சந்திக்கும் இடத்தில் நாற்று. கண்மதிப்பில் 22.5 சென்டிமீட்டர் என்று போராட வேண்டியதில்லை. கயிறு பிடிக்க இரண்டு ஆளும் வேண்டாம். இன்னொன்று, கோனோவீடர் என்ற உருளும் களைக்கருவி. நட்ட பத்துப் பன்னிரண்டு நாளில் தொடங்கிப் பத்து நாளுக்கு ஒரு முறை குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் களை சேற்றில் அமுங்கி உரமாகும், மண்ணுக்குக் காற்றோட்டமும் கிடைக்கும். நடவு சதுரமாக இல்லையென்றால் இந்தக் கருவி ஓடாது. ஏன் சதுரமாக நடச் சொல்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எதுவும் இல்லை. நட்டவரே களைக்கருவியை ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டால் அடுத்த முறை வரிசை தானாக நேராகும்.

காரணத்தைச் சொல்லாமல் முறையை மட்டும் திணித்த இடங்களில் அரைகுறை நடவாக நின்றது. மானியத்துக்காக ஓரத்தில் நாலு பாத்தி சதுர நடவு, மற்றதெல்லாம் பழைய நடவு என்று முடிந்த வயல்களையும் பலர் பார்த்திருப்பார்கள்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கைக்களை எடுப்பது பெண்களின் வேலையாக இருந்தது. கோனோவீடர் வந்ததும் அதைத் தள்ளியது பெரும்பாலும் ஆண்கள். மொத்த ஆள் கூலி குறைந்தது என்று நிலத்துக்காரர் மகிழ்ந்த அதே கணக்கில், பெண்களின் வேலை நாள் குறைந்து ஆண்களின் வேலை நாள் கூடியது. களைக்கருவியின் எடையும் கைப்பிடி உயரமும் பெண்களை நினைத்து முதலில் வடிவமைக்கப்படாததும் ஒரு காரணம். புதிய கருவி வாங்கும் முன், அதை ஓட்டப்போகிறவரைக் கடைக்குக் கூட்டிப்போய் கைப்பிடியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். டிராக்டர் வாங்கும்போது நாம் உட்கார்ந்து பார்க்காமலா வாங்குகிறோம்?

மாட்டுக் கொட்டகையில் 21 நாள்

நெல்லை விட்டு மாட்டுக்கு வருவோம். இங்கே வேலையாளிடம் தகவல் இல்லாததன் நஷ்டம் இன்னும் கண்கூடு.

கறவை மாடு 21 நாளுக்கு ஒரு முறை சினைப் பருவத்துக்கு வரும். 18 முதல் 24 நாள் வரை மாட்டுக்கு மாடு மாறும். அறிகுறி தெரிவது ஒரு நாளுக்குள்தான். அதுவும் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும். கத்துவது, தீவனம் குறைவது, மற்ற மாட்டின்மேல் தாவுவது, மற்ற மாடு தாவினால் அசையாமல் நிற்பது, அடிக்கடி சிறுநீர் விடுவது, கண்ணாடி போன்ற வழும்பு தொங்குவது, அன்றைக்குப் பால் குறைவது. இதையெல்லாம் பார்க்கும் இடத்தில் இருப்பவர் யார்? விடியலில் சாணி அள்ளுகிறவரும் பால் கறக்கிறவரும். உரிமையாளர் காபி குடித்துவிட்டு வரும்போது வழும்பு சாணியோடு கழுவப்பட்டிருக்கும்.

கவனிக்காமல் விட்டால் அடுத்த வாய்ப்பு மூன்று வாரம் கழித்து. உங்கள் கொட்டகையில் ஒரு மாட்டுக்கு ஒரு நாள் தீவனச் செலவு எவ்வளவோ அதை 21ஆல் பெருக்கிப் பாருங்கள். கன்று ஈனுவதும், அதற்குப் பிறகு வரும் பாலும் அத்தனை நாள் தள்ளிப்போகின்றன. இரண்டு முறை தவறினால் ஒன்றரை மாதம். மாடு பார்க்கிறவருக்கு இந்த ஏழெட்டு அறிகுறிகளும் ‘காலையில் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி’ என்ற விதியும் தெரிந்திருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி தப்பும். எருமைக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அது பல நேரம் சத்தமில்லாமல் பருவத்துக்கு வந்து போய்விடும்.

தேவையான சாமான் ஒரு கரும்பலகையும் சாக்பீஸும்தான். மாட்டின் பெயர், பருவம் தெரிந்த தேதி, ஊசி போட்ட தேதி, அதிலிருந்து 21ஆம் நாள் என்ன தேதி, ஊசி போடுகிறவரின் போன் நம்பர். எழுதத் தெரியாதவர் என்றால் காலண்டரில் அந்த நாளின்மேல் ஒரு கோடு போட்டாலும் போதும். 21ஆம் நாளை ஒட்டிப் பருவம் திரும்பாவிட்டால் நல்ல செய்தி. இரண்டு மூன்று மாதத்தில் சினைப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். மற்றொன்று, கறப்பவரிடம் கறுப்புத் தட்டு ஒன்று கொடுங்கள். முதல் இரண்டு பீச்சலை அதில் பீச்சிப் பார்த்தால் பாலில் திரி திரியாக வருவது உடனே தெரியும். மடிநோயை மடி வீங்கும் முன் பிடித்துவிடலாம். அவசரமென்றால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. இந்த எண்ணும் பலகையில் இருக்கட்டும்.

மூடி அளவும் உயிர் அளவும்

இதுவரை சொன்னதில் தவறினால் போவது பணம். மருந்தடிப்பில் தவறினால் போவது ஆள்.

2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். சொந்த நிலத்தில் அடித்தவர்களும் உண்டு, கூலிக்கு அடித்தவர்களும் உண்டு. அந்த வருடம் பருத்தி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தலைக்கு மேல் பீய்ச்சியதில் மருந்து முகத்திலும் மூச்சிலும் விழுந்தது. பல மருந்துகளைக் கலந்து அடித்ததும், கையுறையும் முகமூடியும் இல்லாததும் காரணங்களில் சேர்ந்தன. புட்டியில் எல்லாம் எழுதியிருந்தது. யாருக்குப் புரியும்படி எழுதியிருந்தது என்பதுதான் கேள்வி.

புட்டியில் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் ஒரு விஷயம் உண்டு. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள்படி, ஒவ்வொரு புட்டியிலும் மூலையில் நிற்கும்படி சாய்த்த சதுரத்துக்குள் ஒரு முக்கோண நிறம் இருக்க வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. மண்டையோட்டுப் படமும் இருக்கும். மஞ்சள் அடுத்தது. நீலம் நடுத்தரம். பச்சை குறைந்த நஞ்சு. ஆனால் பச்சை என்றால் குடிநீர் என்று அர்த்தமில்லை. இந்த நான்கு நிறங்களை மருந்தடிப்பவருக்குச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சிவப்பும் மஞ்சளும் உள்ள மருந்தை ஒருவரிடம் நீட்டும் முன் நிலத்துக்காரர் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும், இதைத் தன் மகனிடம் கொடுத்து அடிக்கச் சொல்வேனா என்று.

அடுத்தது அளவு. லேபிளில் ஏக்கருக்கு இத்தனை மில்லி என்று இருக்கும். அடிப்பவருக்குத் தேவை டேங்குக்கு எத்தனை மில்லி என்பது. இந்த இடைவெளியில்தான் ‘ரெண்டு மூடி ஊத்து’ என்ற கணக்கு நுழைகிறது. புட்டிக்குப் புட்டி மூடியின் அளவு வேறு. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், 16 லிட்டர் டேங்குக்குப் பன்னிரண்டரை டேங்க். ஏக்கருக்கு 100 மில்லி மருந்து என்றால் டேங்குக்கு 8 மில்லிதான். விசைத்தெளிப்பானில் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும், அதனால் டேங்குக்கான மருந்தளவு மாறும். ஆகவே கணக்கை வீட்டிலேயே போட்டு, புட்டியின்மேல் துணிப்பேனாவால் ‘டேங்குக்கு 8’ என்று எழுதி, அளவுக்கோப்பையையும் சேர்த்துக் கொடுங்கள். இருமல் மருந்துக் கடையில் கிடைக்கும் கோப்பைகூடப் போதும். ஆனால் அது திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது; தெளிப்பானோடு கட்டிப்போட்டுவிடுங்கள்.

கையுறை, முழுக்கை சட்டை, முகமூடி, பூட்ஸ் எல்லாம் ‘வேண்டும் என்றால் போட்டுக்கோ’ என்று விடும் சாமான்கள் அல்ல. புழுக்கத்தில் யாருமே விரும்பிப் போடமாட்டார்கள். எனவே வெயில் ஏறும் முன் முடியும்படி வேலையை வகுப்பது நிலத்துக்காரரின் பொறுப்பு. அடிக்கும் நாளில் கை கழுவ ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் வரப்பில் இருக்க வேண்டும்.

ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் ஒரு கயிறு உண்டு. தவறைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுத்தால் மேற்பார்வையாளர் ஓடிவருவார், சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். கோடிக்கணக்கில் பணம் ஓடும் இடத்திலேயே கடைநிலைத் தொழிலாளிக்கு ‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமை. காற்று திரும்பிவிட்டது, தலை சுற்றுகிறது, நாசில் ஒழுகுகிறது என்றால் மருந்தடிப்பவரும் நிறுத்தலாம், அன்றைய கூலி குறையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், அரைநாள் கூலி போய்விடும் என்று பயந்து அவர் அடித்துக்கொண்டேதான் இருப்பார்.

வியர்த்துக் கொட்டுவது, எச்சில் வழிவது, வாந்தி, கைகால் நடுக்கம், பார்வை மங்குவது, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வேலையை விட்டு வெளியே கூட்டிவந்து, மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108ஐ அழைக்க வேண்டும். மோர் கொடுத்துப் பார்க்கலாம், பால் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. புட்டியையோ லேபிளையோ கட்டாயம் மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள். மாற்று மருந்து எது என்பது அதில்தான் இருக்கிறது.

தகவல் எங்கே நின்றுவிடுகிறது?

புதுச்சேரியைச் சுற்றிய கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். மற்ற ஊர்களில் கிளைகள். வீராம்பட்டினத்தில் அலை உயரம் பற்றிய அமெரிக்கக் கடற்படையின் கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒலிபெருக்கி என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. படகு வைத்திருப்பவருக்கும் கேட்டது, படகில் கூலிக்குப் போகிறவருக்கும் கேட்டது. எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே இருந்தது.

நம் வயல்களில் தகவல் பெரும்பாலும் பட்டாவோடு நின்றுவிடுகிறது. பயிற்சிக்கு நிலத்துக்காரர் போகிறார். செல்போனில் உழவன் செயலி அவரிடம் இருக்கிறது. மண்வள அட்டை அவர் பெயரில் வருகிறது. வேலை செய்பவர் வேறொருவர். திரூரில் அடுத்த பயிற்சி நடக்கும்போது, வழக்கமாக உங்கள் வயலுக்கு வரும் நடவுக் குழுவின் தலைவியையும் கூட்டிப் போக முடியுமா என்று கேளுங்கள். அன்றைய கூலியை நீங்கள் கொடுத்துவிடுங்கள். ஒரு தலைவி கற்றால் அது அவர் குழு நடும் எல்லா வயலுக்கும் போகும். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண் கட்டணமில்லாதது, தமிழில் பேசலாம், பட்டா கேட்கமாட்டார்கள். காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். வெளிமாநில நடவு ஆட்கள் வருகிற வயல் என்றால் பேசிப் புரியவைப்பது கடினம். அப்போது மார்க்கரும், நட்டுக் காட்டிய முதல் மூன்று வரிசையும்தான் மொழி.

இந்தோனேசியாவில் 1986இல் நெல்லுக்கான 57 பூச்சிமருந்துகளுக்குத் தடை வந்த பிறகு, 1989 முதல் வயல்வெளிப் பள்ளிகள் நடந்தன. வாரம் ஒரு நாள், பருவம் முழுக்க, விவசாயிகள் வயலில் இறங்கிப் புகையானையும் அதைத் தின்னும் சிலந்தியையும் எண்ணிப் படம் வரைந்தார்கள். மருந்து வேண்டுமா என்ற முடிவு அந்தப் படத்திலிருந்து வந்தது. நம் ஊர் உழவர் வயல்வெளிப் பள்ளிகளும் இதே வழியில் வந்தவைதான். எண்ணுவதற்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும். இரண்டும் களை எடுப்பவரிடம் நம்மைவிட அதிகம்.

கூலிக்கணக்கு

கடைசியாக, பலரும் தொடத் தயங்கும் விஷயம். அட்டை பார், அறிகுறி பார், பலகையில் எழுது என்று சொல்வது கூடுதல் வேலை. கூடுதல் வேலைக்குக் கூடுதல் காசு இல்லையென்றால் அட்டை ஒரே வாரத்தில் வரப்பில் கிடக்கும். மாதச் சம்பளத்தில் மாடு பார்க்கிறவர் என்றால், சரியான நேரத்தில் பருவத்தைச் சொல்லிச் சினை உறுதியான ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு தொகை என்று பேசிக்கொள்ளலாம். தப்பிய மூன்று வாரத் தீவனச் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான். நடவுக் குழு என்றால் முதல் வருடம் மட்டும் ஏக்கர் கணக்கை விட்டு நாள் கணக்கில் கூலி பேசுங்கள். கை பழகியதும் அடுத்த பருவத்தில் பழைய ஒப்பந்தத்துக்குத் திரும்பலாம். யூரியா மிச்சமானால் அதில் ஒரு பங்கு அட்டை பார்த்தவருக்கு. எவ்வளவு என்பதை அறுவடைக்குப் பிறகு யோசிக்காமல், அட்டையைக் கையில் கொடுக்கும் அன்றைக்கே பேசி, பம்ப்செட் ரூம் சுவரில் எழுதிவிடுங்கள். எழுதியதை அவருக்குப் படித்தும் காட்டிவிடுங்கள்.